இலை மேல் ஈரம்

இயேசு மரி சூசை துணை

ஏற்காடு,
ஆகஸ்ட் 19.

அன்பு மருமகள் ஷெர்லினுக்கு அத்தை லூர்துசெல்வி எழுதிக்கொள்வது. அந்த டெல்லியில் உன் உடம்புக்கும் மனதுக்கும் ஒரு குறையும் வராமல் ஆரோக்கிய மாதா உன்னைப் பார்த்துக்கொள்ளட்டும். இங்கே நானும் உன் மாமாவும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம்.

போன் இருக்கும்போது இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நீ அத்தை என்கிறாய், நான் சாப்பிட்டாயா என்கிறேன், அதோடு இரண்டு பேரும் போனை வைத்துவிடுகிறோம். உன் மாமா வேறு பக்கத்தில் உட்கார்ந்து ரேடியோ கேட்பதுபோல் நம் பேச்சைக் கேட்கிறார். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்த காலத்திலிருந்தே அவருக்கு ஒட்டுக்கேட்கும் பழக்கம் உண்டு. காகிதத்தில் எழுதினால் அவருக்குக் கேட்காது.

ஆடியோடு மழை நிற்கும் என்றார்கள், நிற்கவில்லை. துணி காய மாட்டேன் என்கிறது. ஹாஸ்டல் சமையல்கட்டில் புது வார்டன் சிஸ்டர் வந்திருக்கிறார்கள். குழந்தைகளுக்குக் காரம் குறைக்க வேண்டுமாம். சரிங்க சிஸ்டர் என்று சொல்லிவிட்டு எப்போதும் போடுவதையே போடுகிறேன். குழந்தைகள் தட்டை வழித்துச் சாப்பிடுகிறார்கள், சிஸ்டரும்தான்.

நீ கிளம்பும்போது கேட்டது ஒன்றே ஒன்றுதான், ஜோஸ்வாவின் நாற்றுகளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. பார்த்துக்கொள்கிறேன். என் பிள்ளை நம் சாமான் அறையைக் காலி செய்து, சுவரெல்லாம் வெள்ளித்தாள் ஒட்டி, இரும்பு அலமாரிகளில் அந்த ஊதா விளக்குகளைக் கட்டியபோது நான் எவ்வளவு திட்டினேன் என்பது உனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் எல்லோரும் பெண்டாட்டிக்கு அலமாரி வாங்குவார்கள், இவன் ஆரஞ்சுக்கு வாங்குகிறான் என்று சொன்னேன். வெளியில் வைத்தால் பூச்சி வந்து நோயை ஒட்டிவிட்டுப் போகும், ஒரு முழம் வளரும் வரைக்கும் உள்ளேதான் என்று அவன் பிடிவாதமாக இருந்தான். அவன் விதை எடுத்த செம்மநத்தம் முனியப்பன் தோட்டத்து மரம் மே மாதக் காற்றில் விழுந்தபோது நீயும் இங்கே இருந்தாய். அந்தக் கமலா ஆரஞ்சுக்கு இனி இந்த அறையில் இருப்பதுதான் வம்சம். விதைத்தவனும் மார்ச் மாதம் போய்விட்டான். அதனால் ஒவ்வொரு நாற்றையும் தினமும் எண்ணிப் பார்க்கிறேன். ஒன்று போனாலும் திரும்ப வாங்க முடியாது.

விளக்குக்கு அவன் வைத்த டைமரில் நான் கை வைக்கவில்லை. விடிகிற நேரத்தில் டக் என்று ஒரு சத்தம் கேட்கும், அறை தானாக வெளிச்சமாகும், குட்டி ஃபேன் சுற்ற ஆரம்பிக்கும். அவன் எழுந்துவிட்டான் என்று படுக்கையிலேயே நினைத்துக்கொள்வேன். இப்போது மழையில் கரண்டு போய்ப்போய் வந்ததில் டைமர் பின்தங்கிவிட்டது. காலையில் எரிய வேண்டியது பொழுது ஏறித்தான் எரிகிறது, சாயங்காலம் ஊர் அடங்கிய பிறகும் அணைவதில்லை. பக்கத்து ஊட்டு ரூபி, ஏனுங்க அத்தே, உங்க ஊட்டு ஜன்னல்ல ஊதா கலர்ல யாரோ நிக்கற மாதிரி இருக்குதுங்க, புள்ளைங்க அந்தப் பக்கம் போக மாட்டேங்குதுங்க என்று சொன்னாள். டைமரைத் திருப்பி வைத்தால் சரியாகிவிடும். ஆனால் அந்த முள்ளைத் திருகியது அவன் விரல். எனக்கு மனசு வரவில்லை.

இனி எழுதுவதை நீ தனியாக இருக்கும்போது படி. போன வாரம் ஹாஸ்டலில் காலைச் சமையல் முடித்துவிட்டு வந்து அறைக்குள் போனேன். நாற்றுகளின் இலைமேல் எல்லாம் தண்ணீர்த் துளி. மேலே கூரை ஒழுகவில்லை, ஜன்னல் சாத்தியிருக்கிறது. நான் தண்ணீர் விட்டது அதற்கு முந்தைய நாள், அதுவும் வேருக்குத்தான் விடுவேன், இலைமேல் விடக்கூடாது என்று அவன் எனக்குச் சொல்லியிருக்கிறான். உன் மாமாவைக் கேட்டேன். அந்த ரூமுக்குள்ள நான் காலே வெக்கறதில்லைன்னு உனக்குத் தெரியாதா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அது உண்மைதான். மார்ச் மாதத்திலிருந்து அவர் அந்த வாசலைத் தாண்டியதில்லை, பிள்ளையின் பெயரையும் வாயால் சொன்னதில்லை. கல்லறைக்குக்கூட வரவில்லை.

மறுநாளும் ஈரம். அதற்கடுத்த நாளும். நான் ஹாஸ்டலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போதெல்லாம் இலைகள் நனைந்திருக்கின்றன. எனக்குப் பயமாக இல்லை கண்ணு, சந்தோஷமாக இருக்கிறது. அவன்தான் வருகிறான். வேறு யார் வருவார்கள்? அந்த அறையில் நின்று சமையல்கட்டுக் கதைகளை எல்லாம் சொல்லிவிட்டு வருகிறேன். ஊரில் யாரிடமும் சொல்லவில்லை, உனக்குச் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

சில நாற்றில் இலை நுனி லேசாகப் பழுப்பாகியிருக்கிறது. மழைக்காலம் அப்படித்தான் இருக்கும். நேரத்துக்குச் சாப்பிடு, நைட் டியூட்டி முடிந்ததும் தலைக்குக் குளிக்காதே. மாதா துணை.

இப்படிக்கு,
உன் அத்தை
லூர்துசெல்வி

* * *

இயேசு மரி சூசை துணை

ஏற்காடு,
செப்டம்பர் 14, மாதா திருநாள் கழிந்த ஞாயிறு.

அன்பு மகள் ஷெர்லினுக்கு ஆசீர்வாதங்கள். உன் கடிதம் வந்து சேர்ந்தது. போஸ்ட்மேன் கையெழுத்தைப் பார்த்து மருமகளுங்களா என்று கேட்டார், மகள் என்று சொன்னேன்.

படித்துப் படித்துக் காகிதம் தளர்ந்துவிட்டது. வேலைக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு அக்டோபர் முடிவதற்குள் வந்துவிடுகிறேன், அந்த அறையில் பாய் போட்டுப் படுத்துக்கொள்கிறேன், அவர் வருகிற இடத்தில் இருந்தால் போதும் எனக்கு வேறொன்றும் வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். வா கண்ணு. என் வயிறு குளிர்ந்துவிட்டது. இந்த ஊட்டில் நானும் உன் மாமாவும் ஒருவரை ஒருவர் இடித்துக்கொள்ளாமல் நடப்பதே ஒரு வேலையாக இருக்கிறது. நீ வந்தால் பேச ஆள் இருக்கும். புதுப் பாய் வாங்கிவிட்டேன்.

ஆனால் ஒரு கவலை வந்து சேர்ந்திருக்கிறது. நாற்றுகள் நன்றாக இல்லை. போன கடிதத்தில் நுனி பழுப்பு என்று எழுதினேன் அல்லவா, அது இப்போது இலையின் ஓரம் முழுக்க நெருப்பில் வாட்டியதுபோல் கருகி இறங்குகிறது. கருகிய இலை சுருண்டு, தொட்டால் உதிர்கிறது. துளிர் வருவது நின்றுவிட்டது.

என்னால் முடிந்ததை எல்லாம் செய்து பார்த்தேன். விளக்கின் சூடாக இருக்குமோ என்று சங்கிலியை இரண்டு கண்ணி மேலே ஏற்றிக் கட்டினேன். ஃபேன் காற்று நேராகப் படுகிறதோ என்று அதைச் சுவர்ப்பக்கம் திருப்பினேன். ஜோஸ்வா வாங்கி வைத்திருந்த அந்த நீல மூடி போட்ட உர பாட்டிலைத் தொடுவதை விட்டுவிட்டேன். வேர் அழுகுகிறதோ என்று ஒரு நாற்றுப் பையைக் கிழித்துப் பார்த்தேன். வேர் வெள்ளையாகத்தான் இருந்தது, ஆனால் வளராமல் நின்றுபோயிருந்தது. பைகளில் நிரப்பியிருக்கும் தேங்காய் நார்த்தூள் மேலே வெள்ளையாகப் பூத்திருக்கிறது. அது உரத்தின் மிச்சம் என்று நினைத்துச் சுரண்டி எடுத்தேன். இரண்டு நாளில் திரும்பவும் பூத்துவிட்டது.

முனியப்பனுக்குச் சொல்லி அனுப்பினேன், செம்மநத்தத்திலிருந்து பஸ் பிடித்து வந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டுக் கோவிலுக்குள் போவதுபோல் அந்த அறைக்குள் போனார். அவருடைய அப்பா வைத்த மரம் அது. பழம் சின்னதுதான், ஆனால் தோலை உரித்தால் அடுத்த ஊடு வரைக்கும் மணக்கும் என்பார். கருகின இலையைக் கையில் வைத்துக்கொண்டு, ஏனுங்க ரைட்டரம்மா, இந்தப் பூமிக்கு அது ஆகாதுன்னு சாமி முடிவு பண்ணிருச்சுங்களா என்று கேட்டார். மோர் தெளிக்கச் சொன்னார், பிறகு அவரே வேண்டாம் என்றார். இவற்றை நடுவதற்கென்று மரம் விழுந்த இடத்தைக் கொத்திப் போட்டு வைத்திருக்கிறாராம். நீங்க நொம்ப கஷ்டப்படாதீங்க, பொழைக்கறது பொழைக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போது துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அவர் போன பிறகு நான் அங்கேயே நின்று பார்த்தேன். வாசலுக்குப் பக்கத்தில் இருக்கும் அலமாரியில்தான் கருகல் அதிகம். நடு அலமாரியில் கொஞ்சம் குறைவு. ஜன்னல் ஓரம் கடைசியில் இருப்பவை பச்சையாகவே நிற்கின்றன. ஈரமும் அப்படித்தான். வாசல் பக்கத்து இலைகள் சொட்டச் சொட்ட நனைந்திருக்கும், கடைசி அலமாரிக்கு ஒன்றிரண்டு துளிதான். அப்படியென்றால் அவன் நனைப்பவைதான் கருகுகின்றன.

அதைக் கண்டுபிடித்ததும் முதல் தடவையாக அந்த அறையில் பயந்தேன். தான் போட்ட விதையைத் தானே கூட்டிக்கொண்டு போகப் பார்க்கிறானோ? யாருக்கும் இல்லாமல் செய்கிறானோ? அவன் அப்படிப்பட்டவன் இல்லை. சின்ன வயதில் மிட்டாயைக் கடித்துப் பாதியை எனக்குக் கொடுத்தவன். என்ன கோபம் அவனுக்கு? நான் ஏதாவது குறை வைத்தேனா?

நீயும் யோசித்துப் பார். அந்த மார்ச் மாதத்துக் காலையில் கிளம்பும்போது உன்னிடம் ஏதாவது சொன்னானா? மனத்தாங்கலாக ஏதாவது? இதைக் கேட்பதற்கு என்னை மன்னித்துக்கொள். கேட்காமல் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது. ரூபி சொல்கிறாள், பங்குச் சாமியாரை அழைத்து அறையை மந்திரித்துவிடுங்கள் என்று. அவனை விரட்டச் சொல்கிறாளா? அவள் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்திவிட்டேன்.

அவன் வருவதையும் நிறுத்தச் சொல்ல என்னால் முடியாது, நாற்று சாவதையும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. நீ வந்து சொன்னால் கேட்பானோ என்னவோ. சீக்கிரம் வா.

உன்னை நினைத்துக்கொண்டே ஜெபமாலை சொல்லும்,
அத்தை
லூர்துசெல்வி

* * *

இயேசு மரி சூசை துணை

ஏற்காடு,
அக்டோபர் 12.

என் கண்ணு ஷெர்லினுக்கு,

ராஜினாமா கொடுத்துவிடாதே, கொடுத்திருந்தால் திரும்ப வாங்கிக்கொள் என்று மட்டும் போனில் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். நான் வேண்டாதவளாகிவிட்டேனா அத்தை என்று நீ அழுதது காதிலேயே நிற்கிறது. காரணத்தை எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன். இன்றைக்கு எழுதிவிடுகிறேன். பொறுமையாகக் கடைசிவரை படி.

உன் கடிதம் முதலில். அன்று காலை உங்கள் இரண்டு பேருக்கும் டெல்லி வேலையைப் பற்றிச் சண்டை வந்தது, போகாதே என்று அவன் சொல்ல, உங்களோடு சேர்ந்து நானும் இந்த மலையிலேயே மக்கிப்போக வேண்டுமா என்று நீ கேட்டுவிட்டாய், அவன் சாப்பிடாமல் பைக்கை எடுத்துக்கொண்டு போனான், அந்தக் கோபத்தில்தான் இப்போது நாற்றுகளை எரிக்கிறான், நீ வந்து அவன் காலடியில் கிடந்தால் ஆறிவிடுவான் என்று எழுதியிருந்தாய். படித்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். நான் கேட்ட கேள்வியால்தானே நீ இப்படி எல்லாம் யோசித்திருக்கிறாய்.

உன் கடிதம் வந்த மறுநாள் அறைக்குள் போனேன். நார்த்தூள்மேல் வெள்ளை பூத்திருந்ததை விரலால் வழித்தேன். எனக்கு எதையும் நாக்கில் வைத்துப் பார்க்கும் புத்தி, நாற்பது குழந்தைகளுக்குச் சமைக்கிறவளுக்கு அது போகாது. வைத்துப் பார்த்தேன். உப்பு. இலையில் நின்ற துளியையும் தொட்டு வைத்தேன். அதுவும் உப்புக் கரித்தது.

முதலில் என்ன நினைத்தேன் தெரியுமா? அழுதிருக்கிறான் என்று நினைத்தேன். தினமும் வந்து இந்த இலைகள்மேல் குனிந்து நின்று அழுதுவிட்டுப் போயிருக்கிறான் என்று நினைத்தேன். அந்த அலமாரியைப் பிடித்துக்கொண்டு, அழாதே சாமி, அம்மா இருக்கிறேன், அழாதே என்று சத்தமாகச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று பயம் வந்தது. உன் மாமா வெளியில் ரேடியோவை நிறுத்தியது கேட்டது. உள்ளே வரவில்லை.

அடுத்த வாரம் காலாண்டு விடுமுறை விட்டார்கள். குழந்தைகள் எல்லாம் ஊருக்குக் கிளம்பிவிட்டதால் காலைச் சமையல் இல்லை, பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டுச் சீக்கிரமே திரும்பி வந்தேன். மூடுபனியில் நம் வாசல் வரும் வரைக்கும் ஊடு தெரியவில்லை. உள்ளே பேச்சுக்குரல் கேட்டது. மெதுவாக எட்டிப் பார்த்தேன்.

சாமான் அறை வாசலில் உன் மாமா நின்றுகொண்டிருந்தார். வாசலுக்கு வெளியேதான் நின்றார், கால் உள்ளே படவில்லை. என்னிடம் அவர் சொன்னது பொய் இல்லை. கையில் செம்பு. வலது கையைச் செம்பில் விட்டு அள்ளி அள்ளி உள்ளே தெளித்துக்கொண்டிருந்தார். சாமி, அப்பன் வந்திருக்கறேன், பயந்துக்காத, அன்னைக்கு வர முடியல, இன்னைக்கு வந்துட்டேன் என்று சொன்னார். ஜோஸ்வா என்று பெயரைச் சொன்னார். ஏழு மாதத்தில் அந்தப் பெயரை அவர் வாயால் கேட்பது அதுதான் முதல் தடவை.

எனக்கு வந்தது ஆத்திரம்தான். என் பிள்ளை வருகிறான் என்று நான் நம்பியிருந்த எல்லாவற்றையும் அந்த மனிதர் செம்போடு பிடுங்கிக்கொண்டார். அவனை விரட்டுகிறீர்களா, பெற்ற பிள்ளையைப் பேய் என்று நினைத்து விரட்டுகிறீர்களா என்று கத்தினேன். செம்பு அவர் கையிலிருந்து விழுந்து தண்ணீர் என் காலெல்லாம் ஓடியது.

விரட்டவில்லையாம். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அவன் அந்தக் கொண்டை ஊசி வளைவில் பைக்கோடு விழுந்து பனியில் கிடந்தபோது பக்கத்தில் யாரும் இல்லை. சாமியார் வந்து கடைசி நேரத்து அவஸ்தைப் பூசுதல் கொடுக்கவில்லை. நெற்றியில் ஒரு சொட்டு தீர்த்தம் வைக்க ஆள் இல்லை. பெட்டிக்குள் வைத்த பிறகு தெளித்தது கணக்கில் வருமா என்று அவருக்குத் தெரியவில்லை, யாரிடமும் கேட்கவும் பயம். அறையில் தானாக விளக்கு எரிவதைப் பார்த்து, போக வழி தெரியாமல் பிள்ளை இங்கேயே நிற்கிறான் என்று முடிவு செய்துவிட்டார். உள்ளே போய்ப் பார்க்கத் தைரியம் இல்லை. அதனால் நான் ஹாஸ்டலுக்குப் போனதும் வாசலில் நின்று தினமும் தீர்த்தம் தெளித்திருக்கிறார். வேளாங்கண்ணிக்குப் போய்வந்த யாரோ மந்திரித்த உப்புப் பாக்கெட் கொடுத்திருக்கிறார்கள். வழக்கமாகத் தீர்த்தத்தில் அதை ஒரு சிட்டிகை போடுவார்கள். இவர் கைப்பிடி கைப்பிடியாகக் கரைத்திருக்கிறார். நெறையாப் போட்டா அவனுக்குச் சீக்கிரம் வழி கெடைக்கும்னு நெனச்சேன் செல்வி என்றார்.

அவ்வளவுதான் கண்ணு. கைக்கு எட்டிய வாசல் அலமாரி கருகியது, எட்டாத கடைசி அலமாரி பிழைத்தது. ஆரஞ்சுக்கு உப்பு ஆகாது. ஜோஸ்வாவுக்குக் கோபமும் இல்லை, அவன் எதையும் எரிக்கவும் இல்லை.

ஒருநாள் முழுக்க நான் உன் மாமாவோடு பேசவில்லை. சோற்றைப் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டேன். மறுநாள், உப்புதான் நாற்றைக் கொல்கிறது என்று சொன்னேன். அது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. இலை கருகுவதையே அவர் சரியாகப் பார்த்ததில்லை, கண்ணை மூடிக்கொண்டு தெளித்திருக்கிறார். கேட்டதும் அவர் முகம் போன போக்கைப் பார்த்து, சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று நினைத்தேன். பிறகு எழுந்தார். அந்த வாசலைத் தாண்டி உள்ளே போனார்.

அன்றிலிருந்து இரண்டு பேரும் அதே வேலையாக இருக்கிறோம். கூரையிலிருந்து விழும் மழைத்தண்ணீரை டிரம்மில் பிடித்து, ஒவ்வொரு பையிலும் அடியில் ஒழுகி ஓடும் வரைக்கும் ஊற்றினோம். வடிய விட்டுத் திரும்பவும் ஊற்றினோம். அடியில் வடிந்ததை நான் நாக்கில் வைத்துப் பார்த்துச் சொல்வேன், இன்னும் இருக்கிறது, இன்னும் இருக்கிறது என்று. உப்பு போன பிறகுதான் நிறுத்தினோம். மிகவும் மோசமானவற்றைப் பையைக் கிழித்து எடுத்து, வேரை அலசி, புது நார்த்தூளில் வைத்தோம். உன் மாமா ஈரத்துணியால் ஒவ்வொரு இலையாகத் துடைத்தார். குழந்தைக்கு முகம் துடைப்பதுபோல் அடியில் ஒரு கை கொடுத்துத்தான் துடைத்தார். விளக்கின் மேல் ஒரு வெள்ளைத்துணி கட்டி வெளிச்சத்தைக் குறைத்தோம். டைமரையும் அவரே திருப்பி வைத்துவிட்டார். அவன் விரல் பட்ட முள்தான், ஆனால் நான் தடுக்கவில்லை.

வாசல் அலமாரியில் பாதிக்கு மேல் போய்விட்டன. அவற்றைப் பிடுங்கி வெளியே போடும்போது இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. மிச்சம் இருப்பதில் சிலவற்றில் இப்போதுதான் இலைக்காம்பின் இடுக்கில் குண்டூசித் தலை அளவுக்குப் பச்சை தெரிகிறது. முனியப்பன் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, துளிருதானுங்களா, துளிருதானுங்களா என்று என்னைத் திரும்பத் திரும்பக் கேட்டார். துளிர்தான்.

தீர்த்தச் செம்பை எடுத்துக்கொண்டு உன் மாமா இப்போது கல்லறைக்குப் போகிறார். முதல்நாள் கேட் வரைக்கும் போய்த் திரும்பி வந்துவிட்டார். மறுநாள் நான் கூடப் போனேன். சிலுவையில் இருந்த பெயரை விரலால் தடவிப் பார்த்தார். நவம்பரில் கல்லறைத் திருநாளுக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும், பூ வாங்க வேண்டும் என்று இப்போது அவர்தான் எனக்கு ஞாபகப்படுத்துகிறார்.

ஹாஸ்டலிலிருந்து வந்ததும் நான் இன்னமும் முதலில் அந்த அறைக்குத்தான் போகிறேன். இலைகள் காய்ந்தே இருக்கின்றன. நாற்றுக்கு நல்லது. எனக்குத்தான் தாங்கவில்லை. ஈரமாக இருந்த அந்த நாட்களில் எனக்கு ஒரு பிள்ளை இருந்தான். இதை உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அன்று அவன் சாப்பிடாமல் போகவில்லை. உன்னோடு சண்டை போட்டுவிட்டு நேராக ஹாஸ்டல் சமையல்கட்டுக்குத்தான் வந்தான். அடுப்புப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, தோசை சுடச்சுட வாங்கித் தின்றான். சண்டை என்று சொல்லவில்லை. அவளுக்கு டெல்லியில் வேலை வந்திருக்கும்மா, எனக்குத்தான் மனசு கேக்கல, போகட்டும், நல்லா இருப்பா என்றான். சட்னி போதவில்லை என்று என்னைக் குறை சொன்னான். கையைத் துடைக்க என் முந்தானையைப் பிடித்து இழுத்தான். அவன் கடைசியாகச் சாப்பிட்டது என் கையால் என்று தெரிந்தால் உனக்கு வருத்தமாக இருக்குமே என்று இத்தனை மாதம் வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன். நீ அங்கே அவன் பட்டினியாகப் போனான் என்று நினைத்து வெந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியாமல் போய்விட்டது. வயிறு நிறைந்துதான் போனான் கண்ணு. உன்மேல் கோபம் இல்லாமல்தான் போனான்.

அதனால்தான் வேலையை விடாதே என்றேன். நீ வந்தால் எனக்குச் சந்தோஷம். காலையில் நீ போடும் காபிக்காகவே நான் ஏங்குகிறேன். நீ வேண்டாதவள் இல்லை, இந்த ஊட்டில் நான் சொல்லி அழுவதற்கு மிச்சம் இருக்கும் ஒரே ஆள் நீதான். ஆனால் இந்த அறையில் உனக்காக யாரும் நிற்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு லீவு போட்டு வா, முன்னறையில் படு, நான் போடும் காரத்தைத் திட்டிக்கொண்டே சாப்பிடு, லீவு முடிந்ததும் பஸ் ஏறு. உனக்கு இன்னொரு வாழ்க்கை அமைவதைப் பற்றி உன் அப்பா பேச நினைப்பதை, நாளைக்கோ அடுத்த வருடமோ, காதில் வாங்கு. எனக்காக மறுத்துவிடாதே. தங்குவதற்கு மட்டும் வராதே. இதை எழுத என் கை வரவில்லை, இருந்தும் எழுதிவிட்டேன்.

ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும். நாற்றுகளை நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொள்கிறோம். நீ பிழைத்துக்கொள், கண்ணு.

என்றும் உன் அம்மாவாக,
லூர்துசெல்வி